சூலையும் ‘அஞ்சேல்’ என்னும் சொல்லும்

உடம்பொடு கூடிய உயிர்க்கு நோய் இயல்பு. முள் தைத்த காலும், தீச்சுட்ட கையும், வெயிலிற் காய்ந்த தலையும் நோவுமாயின், அந்நோவின் காரணம் கண்முன்னே நிற்றலின், நோயாளன் வருந்துவானேயன்றி மயங்கான். காரணம் புலப்படாத நோயோ அத்தகையதன்று. மருத்துவர் பலர் பார்த்தும் இன்னதென்று கூறாது கைவிரித்த வழி, நோவோடு வேறொன்றும் வந்து கூடுகின்றது. ‘இது எதில் முடியுமோ! இதுவே என் கூற்றோ!’ என்னும் அச்சமே அது. நோவு சிறிது தணிந்த பொழுதும் அவ்வச்சம் தணிவதில்லை. நோவு வருமுன்னரே அதனை எதிர்நோக்கி உயிரை வாட்டும். ஆதலின் இத்தகையோர் இரண்டு நோய்களை ஒருங்கே உடையராகின்றனர்; ஒன்று உடம்பின்கண் நிகழ்வது, மற்றொன்று உள்ளத்தின்கண் நிகழ்வது. முன்னதற்குரிய மருந்து பின்னதற்கு உதவாமை பலரும் கண்டறிந்ததே.

இவ்விரண்டனையும் பிரித்துணர்ந்து, இரண்டற்கும் தனித்தனியே தீர்வு வேண்டிய ஒருவரது வரலாறு தமிழ்நாட்டில் உண்டு. அது திருநாவுக்கரசு நாயனார்க்கு உற்ற சூலை நோயின் வரலாறு. அதனைப் பத்தி நூலாகப் பயில்வோர் மிகப் பலர். நோயாளன் ஒருவனது வரலாறாக நோக்குவோர் சிலரே. அங்ஙனம் நோக்குதலே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாம்.

மீன்சுருட்டியும் அதன் அயலும்

அரியலூர் மாவட்டத்திலுள்ள மீன்சுருட்டி என்னும் ஊர், விக்கிரவாண்டியினின்றும் கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின்கண் அமைந்தது. அச்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் சேத்தியாத்தோப்பையும் வடலூரையும் கடந்து பண்ணுருட்டியை அடைவர். அந்நகரை ஒட்டிக் கெடில நதிக்கரையில் இருப்பதே திருவதிகை வீரட்டானம். நாவரசர் தமது சூலை தீரப்பெற்ற தலம். மீன்சுருட்டிக்கு மிக அணித்தே, தெற்கு நோக்கிச் செல்லும் வழியில், கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. முதலாம் இராசேந்திரன் (1012–1044) அமைத்த அந்நகர் அவன் பின்னோர்க்கும் தலைநகராய் விளங்கிற்று. பெரியபுராணம் அருளிய சேக்கிழார் அநபாய சோழனிடத்து அமைச்சராயிருந்தவர் என்பதும், அவ்வநபாயன் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) ஆவான் என்பதும் ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர்க்கு உடன்பாடு. எனவே, சூலை தீர்ந்த ஊரும், அதன் வரலாற்றை விரித்துரைத்த புலவர் பணிபுரிந்த அரசின் தலைநகரும் இவ்வொரு சாலையின் இருபுறத்தே நிற்கின்றன.

சோழர் காலத்து மருத்துவச் சாலை

பண்டைத் தமிழர் நோயை வழிபாட்டான் மட்டுமே தீர்க்க முயன்றனர் என எண்ணுதல் பிழை. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. நோய் இன்னதென அறிதல், அது வந்த காரணம் அறிதல், அதனைத் தணிக்கும் வழி அறிதல் என்னும் முறையை அது வகுக்கின்றது. நோயாளன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கென்றும் கூறுகின்றது. இவற்றுள் இறுதியாக எண்ணப்பட்டவனை வாசகர் நினைவிற் கொள்க. அவனது பெருமை பின்னர் விளங்கும்.

கங்கைகொண்ட சோழபுரத்திருந்து ஆண்ட வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளது. அக்கோயிலைச் சார்ந்து ‘வீரசோழன்’ என்னும் பெயரால் ஓர் ஆதுலர் சாலை நடைபெற்றமை அதனால் அறியப்படுகின்றது. அங்கே நோயாளர்க்குப் பதினைந்து படுக்கைகள் இருந்தன. மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மருந்துச் செடிகளும் விறகும் கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன் ஆகியோர்க்கு நெல்லும் காசும் வரையறுக்கப்பட்டன. நோயாளர்க்கு நாள்தோறும் அரிசி இவ்வளவு என்றும், ஆண்டு முழுதும் சேமித்து வைக்கத்தக்க மருந்துகள் இவை என்றும் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தசமூல அரீதகி, கோமூத்திர அரீதகி, வச்சிர கற்பம் முதலியன அம்மருந்துகளுட் சில.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பதினைவரைப் பேணுதற்கு மருத்துவன் ஒருவனாகவும், உடனிருந்து பேணுவார் இருவராகவும் ஏற்படுத்தினர். நோயைக் கண்டறிதலினும் நோயாளனோடு இருத்தல் மிகுதியும் கைவேலை வேண்டுவது என்பதை அரசின் கணக்கே காட்டுகின்றது. நோயின் முதல் அறியப்பட்ட வழிக் குறள் கூறிய முறை செல்லும். முதல் அறியப்படாத வழி யாது செய்வது? அவ்விடத்து எஞ்சி நிற்பது அந்நான்காம் உறுப்பு ஒன்றுமேயாம்.

மருள்நீக்கியார்க்கு உற்றது

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாய்த் தோன்றிய மருள்நீக்கியார், இளமையிலேயே பேரிழப்புக்களைக் கண்டவர். தந்தையார் இறந்தார், தாயாரும் உடன் மாய்ந்தார். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் உயிர் நீத்தார். அது கேட்டுத் தாமும் உயிர் விடத் துணிந்த தமக்கையார், தம்பியார் பொருட்டே உயிர் தாங்கினார். இங்ஙனம் நிலையாமையைத் தம் மனைக்கண்ணே கண்ட இளைஞர் அறங்கள் பல செய்து, பின்பு சமயங்களின் உண்மையை ஆராயத் தலைப்பட்டு, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூர் சென்று சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பெற்றார். காலம் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி.

அந்நிலையிலேதான் வயிற்றிற் சூலை பற்றிற்று. சூலம் என்பது வேல் போன்ற படை. அதனாற் குத்தினாற்போல வருத்துதலின் நோவுக்கும் அப்பெயர் ஆயிற்று. வடவைத் தீயும் நஞ்சும் இடியும் ஒருங்கு சேர்ந்தாற்போல அது குடரைக் குடைந்தது எனச் சேக்கிழார் உரைக்கின்றார். உடனிருந்த சமண முனிவர் வாளா இருந்தாரல்லர். மந்திரித்த குண்டிகை நீரைப் பருகுவித்தனர், மயிற்பீலியால் தடவினர், தாம் பயின்ற வித்தைகள் யாவும் செய்தனர். நோவு மிகுந்ததேயன்றிக் குறைந்திலது. தம்மால் ஆவதில்லையென இரங்கி அவர்கள் அகன்றனர். அவர்கள் கொடியர் என்று கூறி இவ்விடத்தைக் கடந்து செல்லுதல் எளிது. ஆயினும் உண்மை யாது? தெரிந்த மருந்தெல்லாம் செய்து பயன் காணாத மருத்துவர், நோயாளன் முகத்தை நோக்க நாணி விலகுதல் எக்காலத்தும் எவ்விடத்தும் நிகழ்வதே.

தனித்து விடப்பட்ட தருமசேனர் தமக்கு உணவு சமைப்பானைத் தமக்கையாரிடம் விடுத்தார். திருவதிகையில் நந்தவனத்தின் புறத்தே நின்ற திலகவதியார் செய்தி கேட்டு, தாம் அமணர் இருப்பிடத்துக்கு வருதற்கில்லையென மறுத்தனுப்பினார். அது கேட்டு, நோவைப் பொறுத்துக்கொண்டு, இரவின்கண் நடந்து சென்று தமக்கையார் அடிகளில் வீழ்ந்தார் தம்பியார்.

அறிந்தோரும் அறியாதோரும்

இவ்வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் கவனியாது விடும் நுட்பம் ஒன்றுண்டு. சூலை வந்த காரணம் புராணத்தைப் படிப்போர்க்குத் தெரியும். தம்பியைப் பரசமயத்தினின்றும் மீட்க வேண்டித் தமக்கையார் முறையிட, இறைவன் அவர் கனவிற்றோன்றி, சூலை கொடுத்து ஆட்கொள்வேம் என்று அருளினன். ஆகவே தமக்கையார்க்கும் அது தெரியும். நோவு உற்றவர்க்கோ தெரியாது. அருகிருந்த மருத்துவர்க்கும் தெரியாது. ஐந்நூறு ஆண்டுகட்குப் பின் எழுதப்பெற்ற புராணத்தைச் சிறிது ஒதுக்கிவிட்டு, நோயாளரே வாய்விட்டுப் பாடிய பதிகத்தை மட்டும் நோக்கினால் இது தெளிவாகும்.

நான்காந் திருமுறையின் முதலில் நிற்கும் அக்கொல்லிப்பண் பதிகத்தில் கனவும் இல்லை, காரணமும் இல்லை, நோவே உண்டு. தொடக்கத்திலேயே நோயைக் கூற்றுவனோடு ஒப்பிடுகின்றார். தாம் செய்த கொடுமைகள் இன்னவென்று தமக்குத் தெரியவில்லை என்கின்றார். மற்றோரிடத்தில், முன்னர்த் தம் அறியாமையால் நேர்ந்த பிழைக்கு முனிந்தே இங்ஙனம் வருத்துதலாகுமோ என ஐயுறுகின்றார். பிறிதோரிடத்தில், இதனையொத்த வஞ்சத்தைத் தாம் கண்டதில்லை என்கின்றார். ஒரு காரணத்தைப் பற்றுவதும், விடுவதும், வேறொன்றைத் தேடுவதும் ஆகிய இவ்வலமரல், முதல் தெரியாத நோயால் வருந்துவோர் அனைவர்க்கும் உரிய நெஞ்சின் இயக்கமேயாம்.

அப்பதிகத்தின் இரண்டாம் பாட்டில் ஓர் அரிய முறையீடு உளது. நஞ்சுபோல வந்து நலியும் நோயை இறைவன் துரத்தவுமில்லை; ‘அஞ்சேல்’ என்று ஒரு சொற் கூறவுமில்லை என்பதே அது. நோயை நீக்குதல் ஒன்று, அஞ்சேல் எனல் ஒன்று என இரண்டனையும் வேறு வைத்து வேண்டினமை காண்க. நோய் நீங்கினால் அச்சம் தானே நீங்குமாதலின் இரண்டாவது எதற்கு என்று வினவுவார்க்கு விடை இது: நீங்கும் வரையில் உயிர் எங்ஙனம் நிலைப்பது? அதுவரையும் வேண்டப்படுவது அவ்வொரு சொல்லே.

அச்சொல்லை முதலிற் செயலாற் கூறியவர் திலகவதியார். அவர் தம்பியின் நோவைப் பொய்யென்றிலர். பெரிதுபடுத்தி அலறியதும் இலர். திருநீறு அளித்தார். விடியுமுன் திருக்கோயிலில் அலகிடுதலும் மெழுகுதலும் அவரது நாட்கடமை. நோயாளர் வந்துள்ளார் என்று அவர் அக்கடமையை நிறுத்தினாரல்லர். அலகும் சாணமும் தோண்டியும் எடுத்துச் சென்ற அவர், நோயாளரையும் உடன் அழைத்துச் சென்றார். நோய்க்கு இடமாகிய அறையினின்றும், நாடோறும் நிகழும் நற்செயலுக்கு இடமாகிய முற்றத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தார். அங்கேதான் பதிகம் பிறந்தது. சூலையும் தீர்ந்தது என்பது வரலாறு.

வினையும் முயற்சியும்

‘எல்லாம் முன்னை வினை, அனுபவித்தே தீர்தல் வேண்டும்’ என்று கூறி நோயாளனை வாளா கிடக்க விடுதல் சைவ நூற்கருத்து எனச் சிலர் கருதுவர். திருஞானசம்பந்தர் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது. கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் நடுங்கிய பொழுது அவர் அருளிய திருநீலகண்டப் பதிகம், இவ்வினைக்கு இது பயன் எனக் காரணம் கூறிக்கொண்டு உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையுடைத்து என்னும் கருத்தோடு தொடங்குகின்றது. வினைக்கொள்கை நோயின் தோற்றத்தை விளக்க வந்ததேயன்றி, முயற்சியைத் தடுக்க வந்ததன்று.

மழநாட்டுத் திருப்பாச்சிலாச்சிராமத்து நிகழ்ச்சியும் இதனோடு சேர்த்தெண்ணத்தக்கது. கொல்லி மழவன் மகளுக்கு முயலகன் என்னும் நோய் பற்றிற்று. அறிவழிந்து வீழ்தல் அதன் குறி. மருத்துவம் பல செய்தும் பயனின்மையால் தந்தை அவளைத் திருக்கோயிலின் முன்னே கிடத்தினான். ஈண்டு அஞ்சியவள் நோயுற்ற மகளல்லள், அவளோ உணர்விலள். அஞ்சியவன் தந்தை. பெயர் தெரிந்தும் முதல் தெரியாத நோய் இல்லத்தார் அனைவரையும் நோயாளராக்கும் என்பதற்கு இது சான்று.

பிறநாட்டார் கண்டது

மேனாட்டார் இவ்வச்ச நோய்க்கு இட்ட பழம்பெயர் ஆராயத்தக்கது. ‘ஐப்போகாண்டிரியா’ என்னும் கிரேக்கச் சொல் முதலில் நோயைக் குறித்ததன்று. விலாவெலும்பின் குருத்துக்குக் கீழ்ப்பட்ட வயிற்றிடத்தைக் குறித்தது. அவ்விடத்து வாயு திரண்டு மேலெழுந்து உள்ளத்தை மயக்குகின்றதென்று காலன் முதலிய பண்டை மருத்துவர் வழிவந்தோர் எண்ணினர். 1621-இல் உளச்சோர்வைப் பற்றிப் பெருநூல் இயற்றிய ஆங்கில அறிஞர் இராபர்ட்டு பர்ட்டனும் இதனை அதன் ஒரு வகையாகவே விரித்துரைத்தார். பின்னரே அப்பெயர் வயிற்றினின்றும் நழுவி, நோயில்லாதவன் நோயுண்டென அஞ்சுதலைக் குறிப்பதாயிற்று. சூலை குடைந்த அவ்வயிறே மேனாட்டிலும் இவ்வச்சத்தின் பிறப்பிடமாக முதலிற் கருதப்பட்டமை வியப்புடைத்து.

பெயர் அங்ஙனம் மாறிய பின்பு எள்ளலும் உடன் வந்தது. பிரெஞ்சு நாடகப் புலவர் மோலியேர் தம்மை நோயாளனென்று கற்பித்துக்கொள்வான் ஒருவனைப் பற்றி நகைநாடகம் இயற்றித் தாமே அவ்வேடம் புனைந்தார். 1673-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், நான்காம் முறை நடித்துக்கொண்டிருக்கையில் இருமலும் வலிப்பும் மேலிட, அன்றிரவே உயிர் நீத்தார். பொய்நோயாளனாக நடித்தவர் மெய்நோயாளராயிருந்தார். பிறர் நோவைக் கண்டு நகுதற்கு முன் இதனை நினைத்தல் நன்று.

இக்கால மருத்துவம் எள்ளலைக் கைவிட்டுவிட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தார் 2013-இல் வெளியிட்ட நோய்வகை நூலில், இகழ்ச்சிப் பொருள் படிந்த அப்பழம்பெயரை நீக்கி, உடற்குறியால் மிக வருந்தும் நிலை ஒன்று, குறி சிறிதேயாயினும் கொடுநோய் வருமென அஞ்சும் நிலை ஒன்று என இரண்டாக வகுத்தனர். முன்னையதற்குக் காரணம் காணப்படாமை இலக்கணமாகக் கொள்ளப்படவில்லை. வருத்தத்தின் அளவே இலக்கணமாயிற்று. காரணம் காணப்படாத நோவும் நோவே என்பது இதன் கருத்து.

அச்சம் நோவை வளர்க்கும் முறையையும் அவர்கள் விளக்குகின்றனர். அஞ்சிய பொழுது நெஞ்சு படபடக்கும், மூச்சு விரையும், குடல் முறுகும், தசை இறுகும். இவை அச்சத்தின் விளைவுகள். ஆயினும் அஞ்சுவோன் இவற்றையே நோயின் புதிய குறிகளாகக் கொண்டு மேலும் அஞ்சுவான். கவனம் எவ்வுறுப்பிற் சென்று தங்குகின்றதோ அவ்வுறுப்பின் சிறு அசைவும் பெரிதாய்த் தோன்றும். ‘ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் கூறக் கேட்ட ஆறுதல் சில நாளில் தேய்ந்துபோக, வேறொரு மருத்துவரை நாடுவான். இங்ஙனம் ஆறுதல் தேடுதலே அச்சத்தை நீட்டிக்கும் வழியாகிவிடுகின்றது.

இஃது உயிர்க்கு இடையூறாதலும் கண்டறியப்பட்டுள்ளது. சுவீடன் நாட்டில் இந்நோயுடையார் எனக் குறிக்கப்பட்ட 4129 பேரை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்கள் ஏனையோரினும் சராசரி ஐந்தாண்டு முன்னரே இறந்தனர். தற்கொலையும் அவர்களிடை மிகுதியாயிருந்தது. சாவை அஞ்சியவர்களே சாவை விரைந்தடைந்தமை இரங்கத்தக்கது. ‘வீண் அச்சம்’ என்று கூறி அவர்களை விடுத்தல் கொடிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தீரும் வழியும் உண்டு. இங்கிலாந்தில் மருத்துவச் சாலைகட்கு வந்த 444 பேரிடத்து நிகழ்ந்து 2014-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சி சில அமர்வுகளிலேயே அச்சத்தைக் குறைத்தது. இரண்டாண்டு சென்றும் பயன் நிலைத்தது. செவிலியர் நடத்திய பயிற்சி ஏனையோர் நடத்தியதினும் நற்பயன் தந்தது என்றும் அதனை நடத்தினோர் கண்டனர். குறள் கூறிய நான்காம் உறுப்பும், திருமுக்கூடலிற் பேணிய பெண்டிரும், திருவதிகைத் தமக்கையாரும் ஈண்டு நினைவிற்கு வருகின்றனர்.

இதனால் மருத்துவப் பரிசோதனை வேண்டாவென்பது பெறப்படாது. முதற்கண் தக்க மருத்துவரிடம் உடம்பை முறையே காட்டித் தீரத்தக்க நோயுளதேல் தீர்த்துக்கோடல் கடமை. உடல் மெலிதல், குருதி போதல், விடாத காய்ச்சல் முதலிய புதிய குறி தோன்றின் மீண்டும் காட்டுதலும் கடமை. அங்ஙனம் செய்த பின்பும் காரணம் புலப்படாவிடின், ஊர்தோறும் மருத்துவர்தோறும் அலைதலை விடுத்து, ஒருவரிடமே காலமுறைப்படி சென்று, நாட்கடமையை நோவோடும் இயற்றிவருதலே நெறி.

சார்ந்ததன் வண்ணமாதல்

சித்தாந்த நூல்கள் உயிர்க்கு ஓரிலக்கணம் கூறும்: அது சார்ந்ததன் வண்ணமாவது. செம்மலரைச் சார்ந்த படிகம் செந்நிறமும், நீலமலரைச் சார்ந்தது நீலநிறமும் காட்டுமாறு போல, உயிர் எதனைப் பற்றுகின்றதோ அதுவேயாய் நிற்கும். அச்சத்தைச் சார்ந்த உயிர் அச்சமேயாகின்றது. நிறம் படிகத்தின் இயல்பன்று ஆதலின், சார்பு மாற நிறமும் மாறும். நோவு உடம்பை விட்டு நீங்குதல் சில வேளை கூடும், சில வேளை கூடாது. சார்பை மாற்றுதலோ நோவு நீங்காத பொழுதும் கூடுவதொன்று.

இதற்கும் நாவரசர் வாழ்வே சான்று. நோயைக் கூற்றென்று கூறி அலறிய அவரே, பின்னர்ப் பல்லவனது ஆணை வந்தபொழுது, யாம் நமனை அஞ்சேம், பிணி அறியேம் என்னும் கருத்துப்பட ஆறாந் திருமுறைத் தாண்டகத்தில் மறுமாற்றம் உரைத்தார். நீற்றறையும் நஞ்சும் களிறும் கல்லும் அதன்பின் வந்தன. அவரது உடம்பு வேறாகிவிடவில்லை, சார்பு வேறாயிற்று.

மீன்சுருட்டியினின்றும் சிறிது சென்று கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயிலை வலம் வருவோர், புறச்சுவரிற் கூத்தப்பெருமான் திருவுருவைக் காண்பர். ஊன்றிய திருவடியின் கீழே கிடப்பவன் முயலகன். மழவன் மகளைப் பற்றிய நோய்க்கும் அதுவே பெயர். மேலே ஒரு திருக்கரம் ‘அஞ்சேல்’ எனக் காட்டி நிற்கின்றது. முயலகன் திருவடிக்கீழ் அடங்கிக் கிடக்கின்றானேயன்றி அழிந்துபோயினானல்லன். அவன் கிடக்கும்பொழுதே அக்கரம் அஞ்சேல் என்கின்றது. நோவு முற்றும் ஒழிந்த பின்பே அச்சம் ஒழியும் என்று காத்திருப்போர் அத்திருவுருவை ஒருமுறை உற்றுநோக்குவாராக.